அத்தியாயம் 5: கூலியும் கூரையும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் ‘நன்னடத்தை’ என்றதும் பெரும்பாலோர் நினைவுக்கு வருவது காவல் நிலையக் கையெழுத்துதான். ‘கண்டிஷன்ல இருக்கான்’ என்பார்கள், ‘110 போட்டிருக்காங்க’ என்பார்கள். இந்தப் பேச்சில் மூன்று வேறு வேறு ஏற்பாடுகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. முதலாவது நிபந்தனை ஜாமீன். வழக்கு இன்னும் முடியாத ஒருவர், தினமும் காலை 10.30 மணிக்கு நிலையத்தில் கையெழுத்துப் போடுகிறார். இரண்டாவது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 110-ஆம் பிரிவில் எழுதி வாங்கப்பட்ட பிணைமுறி. இனிமேல் குற்றம் செய்துவிடுவாரோ என்ற ஐயத்தில் முன்கூட்டியே வாங்குவது இது. இன்று பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 129-ஆம் பிரிவில் அது இருக்கிறது. இதற்கான நிர்வாக நடுவர் அதிகாரத்தைக் காவல் துணை ஆணையர்களுக்குக் கொடுத்த அரசாணை செல்லாது என்று 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூன்றாவது, 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டப்படி, குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட ஒருவரைச் சிறைக்கு அனுப்பாமல் நீதிமன்றம் வெளியே வைத்துத் திருத்தப் பார்ப்பது. இந்த அத்தியாயம் மூன்றாவதைப் பற்றியது. அதனோடு, சிறை விடுப்பில் சில நாள் ஊருக்கு வருபவரையும் எடுத்துக்கொள்கிறது.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் நன்னடத்தை அலுவலரும், அவருக்குத் துணை நிற்கும் தன்னார்வலரும், வழக்கறிஞரும் ஒன்றை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஒருவரை மீண்டும் குற்றத்துக்குப் போகாமல் தடுக்கும் வலுவான வேலிகள் இரண்டு: அவருடைய கூலி, அவருடைய கூரை. கண்காணிப்பின் ஒவ்வொரு நிபந்தனையும் இந்த இரண்டையும் காக்க வேண்டும், குறைந்தபட்சம் உடைக்காமலாவது இருக்க வேண்டும். வேலையைப் பறிக்கும் நிபந்தனை எவ்வளவு கண்டிப்பாகத் தோன்றினாலும் பொதுமக்களுக்குப் பாதுகாப்பு தராது. இந்தக் கருத்தை நிறுவுவதும், இதற்கு எழும் மறுப்புகளுக்கு விடை சொல்வதும்தான் இனி வரும் பக்கங்களின் வேலை.

சட்டமே சொல்வது

இந்தக் கருத்து இரக்கத்திலிருந்து மட்டும் பிறந்ததல்ல, சட்டத்தின் சொற்களிலேயே இருக்கிறது. 1958 சட்டத்தின் 4-ஆம் பிரிவு, மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்களைத் தவிர மற்றவற்றில், அதிகபட்சம் 3 ஆண்டுகளுக்குப் பிணைமுறி எழுதி வாங்கிக்கொண்டு விடுவிக்க நீதிமன்றத்துக்கு இடம் தருகிறது. அலுவலரின் கண்காணிப்பும் தேவை என்று கருதினால் அது ஓராண்டுக்குக் குறையக் கூடாது. ஆனால் அதே பிரிவு ஒரு வரம்பும் போடுகிறது. விடுவிக்கப்படுபவருக்கோ அவருடைய பிணையாளுக்கோ நிலையான இருப்பிடமோ முறையான தொழிலோ இருப்பதாக நீதிமன்றம் மனநிறைவு அடைந்தால்தான் விடுவிக்கலாம். வீட்டையும் வேலையையும் நம்பித்தான் சட்டம் ஒருவரை வெளியே அனுப்புகிறது. அலுவலரின் கடமைகளைச் சொல்லும் 14-ஆம் பிரிவும் அதே வழியில் போகிறது. குடும்பச் சூழலை விசாரிப்பது, மேற்பார்வையிடுவது, தேவைப்பட்டால் தகுந்த வேலை தேடிக் கொடுக்க முயல்வது, இழப்பீட்டைச் செலுத்த வழிகாட்டி உதவுவது என்று அது வரிசைப்படுத்துகிறது. வேலை தேடித் தருவது அலுவலரின் தாராள மனத்தைப் பொறுத்த உபரிச் சேவை அன்று, சட்டம் கட்டளையிட்ட கடமை. 21 வயதுக்கு உட்பட்டவரைப் பொறுத்தவரை 6-ஆம் பிரிவு இன்னும் அழுத்தமானது. சிறைத் தண்டனை விதிப்பதானால், நன்னடத்தையில் விடுவது ஏன் பொருந்தாது என்ற காரணத்தை நீதிமன்றம் எழுத வேண்டும். அதற்கு முன் அலுவலரின் அறிக்கையைக் கேட்டுப் பெற வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இது புதிய சிந்தனையும் அல்ல. நாடு முழுமைக்குமான சட்டம் வருவதற்கு இருபதாண்டுக்கு மேல் முன்பே, 1936-இல், சென்னை மாகாணம் தனக்கென ஒரு நன்னடத்தைச் சட்டத்தை இயற்றிக்கொண்டது. சட்டம் ஏட்டில் மட்டும் கிடந்துவிடும் ஆபத்தை உச்ச நீதிமன்றமும் கண்டது. நாட்டின் 1,382 சிறைகளின் நிலை பற்றிய வழக்கில், முதன்முறை குற்றம் செய்தவர்கள் விஷயத்தில் 1958 சட்டம் நடைமுறையாகிறதா என்று விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழுக்கள் பார்க்க வேண்டும் என 2016 பிப்ரவரியில் அது உத்தரவிட்டது. நடுவர் நீதிமன்றத்தில் இந்தச் சட்டத்தைப் பயன்படுத்தும்படி வேண்டும் வழக்கறிஞர், சலுகை கேட்பதாகக் கூச்சப்படத் தேவையில்லை.

இந்த வட்டாரத்தின் நிலவரம்

அறிக்கை எழுதும் முன் அலுவலர் இந்தப் பகுதியின் எல்லைக் குழப்பத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது, 2018-இல் வருவாய்க் கணக்கிலும் சென்னை மாவட்டத்துக்குள் வந்தது. ஆவடியோ திருவள்ளூர் மாவட்டத்தில் 2019 முதல் தனி மாநகராட்சி. பூந்தமல்லி அதே மாவட்டத்தின் நகராட்சி. காவல் பொறுப்பில் மட்டும் மூன்றும் 2022 ஜனவரியில் செயல்படத் தொடங்கிய ஆவடி மாநகரக் காவல் ஆணையரகத்தின்கீழ் வருகின்றன. இதன் விளைவு சிறியதல்ல. திருமுல்லைவாயலில் குடியிருந்து அடுத்த ரயில் நிலையமான அம்பத்தூரில் வேலைக்குப் போகிறவர் ஒவ்வொரு நாள் காலையும் ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்குள் நுழைகிறார். ‘மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது’ என்ற வழக்கமான நிபந்தனை அவருக்கு விதிக்கப்பட்டால், வேலைக்குப் போவதே மீறலாகிவிடும். மின்சார ரயில் பாதையையும் மாவட்டக் கோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் நிபந்தனைக்குப் பரிந்துரை எழுதக் கூடாது.

வேலையின் தன்மையும் அப்படியே. 1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பட்டறைகளும், பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனி பஸ் ஏறும் கூட்டமும் ஷிப்டில் இயங்குகிறவை. பலர் கான்ட்ராக்டர் மூலம் வேலை பார்க்கிறவர்கள், பணி ஆணை கையில் இருக்காது. ஆகவே ‘முறையான தொழில்’ உண்டு என்பதை நீதிமன்றத்துக்குக் காட்டுவது அலுவலரின் திறமையைப் பொறுத்தது. இ.எஸ்.ஐ. அட்டை, வருங்கால வைப்புநிதிக் கணக்கு எண், சம்பளம் ஏறிய வங்கிப் பக்கம், வருகைப் பதிவின் நகல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று பெரும்பாலும் கிடைக்கும். எதுவுமே இல்லாத நாள்கூலிக்காரருக்குப் பிணையாளின் இருப்பிடம் போதும் என்று அதே 4-ஆம் பிரிவு இடம் தருவதை அறிக்கையில் எடுத்துச் சொல்ல வேண்டும். தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் பிழைக்க வந்து, ஒற்றை அறையில் ஐந்தாறு பேராகத் தங்கியிருப்பவர்களுக்கு இந்த ஒரு வரி பெரிய கதவைத் திறக்கும். விசாரிக்கும் முறையிலும் கவனம் தேவை. அலுவலரின் அறிக்கை இரகசியமாகக் கருதப்பட வேண்டும் என்கிறது 7-ஆம் பிரிவு. கம்பெனி வாசலில் நின்று உரக்கக் கேட்டாலோ, வீட்டுக்காரர் முன் தண்டனையைப் பற்றிப் பேசினாலோ, அன்று மாலையே வேலையும் வாடகை வீடும் போய்விடலாம். எதைக் காக்கப் போனோமோ அதை நாமே அழித்ததாகிவிடும்.

ஆவடிக்கு இன்னொரு தனித்தன்மை உண்டு. கனரக வாகனத் தொழிற்சாலை போன்ற பாதுகாப்புத் துறை ஆலைகளில் வேலை செய்யும் குடும்பங்கள் நிறைந்த ஊர் அது. நன்னடத்தையில் விடுவிக்கப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு நேராது என்கிறது 12-ஆம் பிரிவு. ஆனால் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு ‘வேலைக்கு ஆபத்தே இல்லை’ என்று யாருக்கும் உறுதி கொடுத்துவிடக் கூடாது. துறைவழி நடவடிக்கையை இந்தப் பிரிவு தடுக்காது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதே நீதிமன்றம் 1985-இல் சங்கர் தாஸ் வழக்கில் மறுபக்கத்தையும் காட்டியது. டெல்லி பால் வழங்கு திட்டத்தில் காசாளராக இருந்த அவர், 500 ரூபாய் கையாடிய வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு நன்னடத்தையில் விடுவிக்கப்பட்டார். அதற்குப் பிறகும் வேலைநீக்கம் செய்யப்பட்டார். அந்த வேலைநீக்கம் குற்றத்துக்குச் சற்றும் பொருந்தாத கடுமை என்று கண்ட நீதிமன்றம், அவரை முழுச் சம்பள பாக்கியோடு மீண்டும் பணியில் சேர்க்க உத்தரவிட்டது. கூலியைக் காப்பது நியாயத்தின் ஒரு பகுதி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

நிபந்தனைகள் குறைவாக, காரணத்தோடு

கண்காணிப்பை இறுக்கினால் குற்றம் குறையும் என்பது இயல்பாகத் தோன்றும் எண்ணம். அதை அமெரிக்காவில் சோதித்தே பார்த்தார்கள். ஜோன் பீட்டர்சிலியா, சூசன் டர்னர் என்ற இரு ஆய்வாளர்கள் 14 இடங்களில் நடந்த தீவிரக் கண்காணிப்புத் திட்டங்களை ஆராய்ந்து 1993-இல் முடிவை வெளியிட்டார்கள். அடிக்கடி சந்திப்பு, அடிக்கடி சோதனை என்று இறுக்கப்பட்டவர்களில் ஓராண்டுக்குள் 37 விழுக்காட்டினர் புதிய குற்றத்துக்காகக் கைதானார்கள். வழக்கமான மேற்பார்வையில் இருந்தவர்களில் அது 33 விழுக்காடு. அதாவது, இறுக்கியதால் குற்றம் குறையவில்லை. ஆனால் சந்திப்பைத் தவறவிட்டது போன்ற விதிமீறல்கள் 38 விழுக்காட்டிலிருந்து 65 விழுக்காட்டுக்கு ஏறின. விதிகளைக் கூட்டினால் மீறல்களும் கூடும், அவ்வளவுதான். மேற்பார்வையோடு வேலை, இழப்பீடு, போதை சிகிச்சை ஆகியவற்றில் முனைப்பாகப் பங்கெடுத்தவர்களிடம் மட்டும் நல்ல பலன் தெரிந்தது. கனடாவில் ஆண்ட்ரூஸ், போன்டா ஆகியோர் 1990 முதல் வளர்த்தெடுத்த கோட்பாடும் இதையே வேறு வழியில் சொல்கிறது. ஆபத்து அதிகமுள்ளவர் மீது அதிக கவனம் வைக்க வேண்டும். அவருடைய குற்றத்துக்கு எது காரணமோ அதன் மீது வேலை செய்ய வேண்டும். ஆபத்துக் குறைந்தவரைத் தேவையின்றி இழுத்தடித்தால் அவர் நிலை மோசமாகவே ஆகும்.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் நடைமுறை விதி எளியது. ஒவ்வொரு நிபந்தனையின் பக்கத்திலும், அது குற்றத்தின் எந்தக் காரணத்துக்கு விடை என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். எழுத முடியாத நிபந்தனையைப் பரிந்துரைக்காதீர்கள். டாஸ்மாக் கடை வாசலில் தொடங்கிய அடிதடி வழக்கு என்றால், மதுவைத் தவிர்க்கும் நிபந்தனையும், கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் மதுப்பழக்க மீட்புச் சிகிச்சைக்கான வழியும் பொருந்தும். கூட்டாளிகளோடு சேர்ந்து செய்த திருட்டு என்றால், அவர்களை விட்டு விலகியிருப்பதும், அம்பத்தூர் அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் போன்ற இடத்தில் நாள் முழுவதும் வேலை இருப்பதும் பொருந்தும். சந்திப்பு நேரத்தை ஷிப்டுக்கு ஏற்ப வையுங்கள். காலை ஷிப்ட்காரருக்கு மாலையும், இரவு ஷிப்ட்காரருக்கு விடுமுறை நாளும் சரியாக இருக்கும். ஷிப்ட் மாறினாலோ வீடு மாறினாலோ நிபந்தனையைத் திருத்த 8-ஆம் பிரிவில் அலுவலரே நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். நன்றாக நடந்துகொள்கிறவருக்குக் கண்காணிப்பு இனித் தேவையில்லை என்று பிணைமுறியிலிருந்து விடுவிக்கக் கேட்கவும் அதே பிரிவு வழி தருகிறது. இந்த அதிகாரத்தைப் பயன்படுத்தாத அலுவலர் தன் கையிலுள்ள நல்ல கருவியை வீணாக்குகிறார். மீறல் நடந்தாலும் உடனே சிறை என்று பொருளில்லை. முதல் மீறலுக்குப் பிணைமுறியை நடப்பில் வைத்தபடியே 50 ரூபாய் வரை தண்டம் விதிக்க 9-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஒரு சந்திப்பு தவறியதற்கும், பாதிக்கப்பட்டவரை மிரட்டியதற்கும் ஒரே விதமான அறிக்கை எழுதுவது முறையன்று. முன்னதற்கு விளக்கம் கேளுங்கள், பின்னதை அன்றே நீதிமன்றத்துக்குத் தெரிவியுங்கள்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, சமூக சேவையையும் ஒரு தண்டனையாக்கியிருக்கிறது. 5,000 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள பொருளை முதன்முறை திருடி அதைத் திருப்பிக் கொடுத்தவர், பொது இடத்தில் குடித்துவிட்டுத் தொல்லை கொடுத்தவர் போன்றோருக்கு அது பொருந்தும். இங்கும் அதே அளவுகோல்தான். கூலி கிடைக்கும் நாளில் சேவை செய்யச் சொல்லாமல் வார விடுமுறை நாளில் வைக்கும்படி நடுவரிடம் கேளுங்கள்.

மறுப்புகளும் விடைகளும்

இது பாதிக்கப்பட்டவரை மறந்த பேச்சு என்பது முதல் மறுப்பு. நகையைப் பறிகொடுத்தவருக்கும், அடிபட்டு வேலைக்குப் போக முடியாமல் கிடந்தவருக்கும் அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் சட்டம் அவரை மறக்கவில்லை. விடுவிக்கும்போதே இழப்பீடும் வழக்குச் செலவும் கொடுக்கச் சொல்ல 5-ஆம் பிரிவு வழி செய்கிறது. சிறையில் இருப்பவர் அந்தப் பணத்தை எங்கிருந்து கொடுப்பார்? மாதச் சம்பளம் வாங்குகிறவர்தான் தவணையாவது கட்ட முடியும். குற்றவாளியின் கூலியில் பாதிக்கப்பட்டவருக்கும் பங்கு இருக்கிறது. எல்லாக் குற்றத்துக்கும் நன்னடத்தை பொருந்தும் என்றும் இங்கே வாதிடவில்லை. கவனமின்றி வண்டி ஓட்டி உயிரைப் பறித்த ஓட்டுநர்களுக்கு இந்தச் சலுகை கூடாது என்று 2000-இல் தல்பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரவும் பகலும் லாரி ஓடும் இந்தப் பகுதியில் அதை மறக்கக் கூடாது.

வேலையும் வீடும் உள்ளவர்கள் குற்றம் செய்வதில்லையா என்பது இரண்டாவது மறுப்பு. செய்கிறார்கள். குறிப்பாக மனைவியை அடிக்கிறவருக்கு வீடு இருப்பது பாதுகாப்பன்று, அந்த வீடுதான் குற்றம் நடக்கும் இடம். அங்கே ‘குடும்பத்தோடு சேர்த்துவைத்தோம்’ என்று அறிக்கை எழுதுவது பெரும் பிழை. அந்தப் பெண்ணைத் தனியே சந்தித்து, அவர் விருப்பத்தைக் கேட்டு, ஆணுக்கு வேறு தங்குமிடம் காட்டும்படி நிபந்தனை கேட்க வேண்டும். கூரை என்று நாம் சொல்வது யாருக்கும் ஆபத்தில்லாத கூரையை. இந்த மறுப்பு நம் கருத்தை வீழ்த்தவில்லை, அதைக் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தாதே என்று எச்சரிக்கிறது.

மூன்றாவது மறுப்பு தொழில்நுட்பத்தின் பெயரால் வருகிறது. காலில் ஜிபிஎஸ் கருவி கட்டிவிட்டால் அலுவலரே எதற்கு என்கிறார்கள். மத்திய அரசின் 2023 மாதிரிச் சிறைச் சட்டமும் விடுப்பில் செல்பவருக்கு இத்தகைய கருவியைப் பேசுகிறது. ஆனால் ஜாமீனில் உள்ளவர் தன் இருப்பிடத்தைக் கூகுள் வரைபடத்தில் விசாரணை அதிகாரிக்குக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை தனியுரிமையை மீறுவது என்று 2024 ஜூலையில் ஃபிராங்க் விட்டஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. ஜாமீனில் இருப்பவரும் தண்டனை பெற்றவரும் ஒன்றல்லர் என்பது உண்மை. ஆயினும் கருவி ஒருவர் எங்கே இருக்கிறார் என்று மட்டுமே சொல்லும். மூன்று நாளாக வேலை இல்லை, வீட்டுக்காரர் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார், பழைய கூட்டாளி கடன் கொடுக்க முன்வருகிறான் என்பதை அது சொல்லாது. ஆபத்து பிறப்பது அந்த மூன்று நாளில்தான். ஆட்பற்றாக்குறை என்ற மறுப்புக்கும் விடை இங்கேயே இருக்கிறது. எல்லாரையும் ஒரே மாதிரி மாதாமாதம் வரவழைத்துக் கையெழுத்து வாங்குவதுதான் நேரத்தைத் தின்கிறது. ஆபத்துக் குறைந்தவரைத் தொலைபேசியில் விசாரித்துவிட்டு, மீதமாகும் நேரத்தைத் தடுமாறுகிறவருக்குக் கொடுங்கள்.

சிறை விடுப்பில் வருபவர்

நாம் ‘பரோல்’ என்று சொல்வது தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி அவசரகால விடுப்பு, சாதாரண விடுப்பு என இரு வகைப்படும். சாவு, கடும் நோய், கல்யாணம் ஆகியவற்றுக்கு முன்னது. மூன்றாண்டு சிறையில் கழித்தவருக்குப் பின்னது. குடும்பப் பிழைப்புக்கு ஏற்பாடு செய்வது, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது, வீட்டைப் பழுதுபார்ப்பது, வேளாண்மை வேலை போன்றவற்றை விதிகள் சாதாரண விடுப்புக்கான காரணங்களாகச் சொல்கின்றன. இங்கும் கூலியும் கூரையும்தான். 2017-இல் அஷ்ஃபாக் வழக்கில், குடும்பத்தோடும் சமூகத்தோடும் உள்ள உறவு அறுந்துவிடாமல் காப்பதே விடுப்பின் நோக்கம் என்று உச்ச நீதிமன்றம் விளக்கியது. நாடே உற்றுப் பார்த்த ராஜீவ் கொலை வழக்கில் தண்டனை பெற்ற நளினி, மகளின் திருமண ஏற்பாட்டுக்காக 2019-இல் வேலூரில் ஒரு மாத விடுப்பில் இருந்தார். பத்திரிகைகளுக்குப் பேட்டி தரக் கூடாது, அரசியல் தலைவர்களைச் சந்திக்கக் கூடாது என்பன போன்ற சில தெளிவான நிபந்தனைகளே இருந்தன. நீட்டிக்கப்பட்ட விடுப்பும் முடிந்ததும் அவர் சிறைக்குத் திரும்பினார். புழல் மத்திய சிறையிலிருந்து இந்தப் பகுதிக்கு விடுப்பில் வரும் சாதாரணக் கைதிக்கு அத்தனை காவலும் கிடையாது, அத்தனை வெளிச்சமும் கிடையாது. அவர் எங்கே தூங்குவார், யார் சோறு போடுவார், எதிர்த்தரப்புக் குடும்பம் அதே தெருவில் இருக்கிறதா, பழிவாங்கல் அச்சம் உண்டா என்ற நான்கு கேள்விகளுக்கும் நேரில் போய்ப் பார்த்து விடை எழுதும் அலுவலரின் அறிக்கைதான் அவருக்கும் ஊருக்கும் பாதுகாப்பு. ‘ஊர் மக்கள் எதிர்ப்பு’ என்ற ஒற்றை வரியோடு அறிக்கையை முடிக்காதீர்கள். யார் எதிர்க்கிறார்கள், ஏன் என்று எழுதுங்கள்.

அலுவலரே, தன்னார்வலரே, உங்கள் பதிவேட்டில் கையெழுத்துக் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டங்கள் போட்டுக்கொள்ளுங்கள். இந்த மாதம் சம்பளம் வந்ததா? இந்த மாத வாடகை கட்டியாயிற்றா? எந்த மாதம் இந்த இரண்டில் ஒன்றுக்கு ‘இல்லை’ என்று எழுத நேர்கிறதோ, அடுத்த சந்திப்புத் தேதி வரை காத்திருக்காமல் அந்த வாரமே அவரைத் தேடிப் போங்கள்.